மூட்டை சுமந்த தோளும் தங்கம் வென்ற தோளும்

எங்கள் பெரியப்பா சுமை தூக்கும் தொழிலாளி. நெல் மூட்டையை ஒரே மூச்சில் முதுகுக்கு ஏற்றி, லாரியில் சாய்த்துவைத்த பலகையில் நடந்து போவார். பொங்கல் வந்தால் ஊர்ப் பொதுத்திடலில் இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடக்கும். பெரியப்பா தூரத்தில், புளியமரத்தடியில் நின்று பார்ப்பார். அவரை யாரும் கூப்பிட்டதில்லை, அவரும் போனதில்லை. "அந்தக் கல்லு நம்ம மூட்டையவிட லேசுதாண்டா" என்று வீட்டுக்கு வந்து சொல்வார். அவ்வளவுதான்.

ஒருவர் பலசாலி என்று ஊர் ஒப்புக்கொள்ள, உடம்பில் வலு இருந்தால் மட்டும் போதாது. மேடையும் வேண்டும் என்பதை அன்றைக்கே பார்த்தேன். அந்த மேடை கிடைத்த ஒருவரின் கதையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர் சதீஷ் சிவலிங்கம். 1992-ல் பிறந்தவர். அப்பா சிவலிங்கம் முன்னாள் ராணுவ வீரர். தேசிய அளவில் பளு தூக்கியவர். ஓய்வுக்குப் பிறகு தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் காவலாளியாக வேலை பார்த்தார். அவர்தான் மகனைச் சிறுவயதிலேயே பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார். பெரிய வசதி இல்லாத வீடு. ஆனால் இரும்புக் கம்பியைப் பிடிக்கும் முறை தெரிந்த ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். பின்னர் விளையாட்டின் மூலமாகவே தெற்கு ரயில்வேயில் சதீஷுக்கு வேலை கிடைத்தது.

2014 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் காமன்வெல்த் போட்டி. சதீஷ் இறங்கியது 77 கிலோ எடைப்பிரிவு. பளுதூக்குதலில் இரண்டு முறை உண்டு. தரையிலிருந்து தலைக்கு மேல் ஒரே வீச்சில் தூக்குவது 'ஸ்னாட்ச்'. முதலில் தோளுக்குக் கொண்டுவந்து, பிறகு தலைக்கு மேல் ஏற்றுவது 'கிளீன் அண்ட் ஜெர்க்'. ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு. இரண்டிலும் சிறந்த எடையைக் கூட்டி வெற்றியைத் தீர்மானிப்பார்கள். சதீஷ் முதலாவதில் 149 கிலோ, இரண்டாவதில் 179 கிலோ, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 179 கிலோ என்றால், 25 கிலோ அரிசிச் சிப்பம் ஏழைச் சேர்த்துக் கட்டித் தலைக்கு மேல் பிடிப்பதற்கும் கொஞ்சம் அதிகம். வெள்ளியும் இந்தியாவின் ரவிகுமாருக்கே கிடைத்தது. 2015-ல் சதீஷுக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

2016 ரியோ ஒலிம்பிக்கில் மொத்தம் 329 கிலோ தூக்கினார். கிளாஸ்கோவில் தூக்கியதைவிட ஒரு கிலோ கூடுதல். ஆனாலும் 11-வது இடம்தான். உலகத் தரம் எங்கே இருக்கிறது என்பதை அது காட்டியது. 2018-ல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் போட்டிக்குத் தொடைக் காயத்தோடு போனார். ஸ்னாட்சில் 144 கிலோவோடு இங்கிலாந்து வீரரைவிட ஒரு கிலோ பின்தங்கியிருந்தார். அடுத்ததில் 173 கிலோ தூக்கி, மொத்தம் 317 கிலோவுடன் மறுபடியும் தங்கம் வென்றார். தொடர்ந்து இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் தங்கம்!

இந்தப் பத்தியில் ஒரு வீரரைப் பற்றி எழுதினால், "அவர் என்ன ஆளுக?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இதை எழுதவில்லை. இரும்புக் கம்பி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மேடையில் மூன்று நடுவர்கள் இருப்பார்கள். வெள்ளை விளக்கு எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் தப்பு. யார் பிள்ளை, எந்தத் தெரு என்பதற்கு அங்கே விளக்கு இல்லை.

இந்தியாவில் இந்த விளையாட்டில் சாதித்தவர்கள் பலரும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். மணிப்பூரின் மீராபாய் சானு சிறுமியாக மலையில் விறகுக் கட்டு சுமந்தவர். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். மேற்கு வங்கத்தின் அசிந்தா ஷியூலி, ரிக்‌ஷா இழுத்த அப்பாவை 2013-ல் இழந்தவர். அம்மாவோடும் அண்ணனோடும் ஜரிகை வேலை செய்து பிழைத்தவர். 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் 313 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். தமிழகத்துக்கும் இது புதிதல்ல. 1978-லேயே எட்மன்டன் காமன்வெல்த்தில் கருணாகரன் தங்கமும் தமிழ்செல்வன் வெள்ளியும் வென்றார்கள்.

இனி நம் மாவட்டத்தைப் பார்ப்போம். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்புச் சுமப்பவர்கள், முதுகுளத்தூர், கமுதி பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவர்கள், பாம்பன், ராமேசுவரம் துறைகளில் மீன் கூடையும் ஐஸ் பெட்டியும் தூக்குபவர்கள்: இவர்களில் நம் மக்கள் எத்தனை பேர்! இந்தத் தோள்களின் வலுவைக் கூலியாகக் கணக்குப் பார்த்தார்கள். பதக்கமாக யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்தப் பாரம் வேண்டுமென்று எடுத்த பாரமும் அல்ல, தலையில் ஏற்றப்பட்டது. அதைப் புகழ்வதற்கு ஒன்றுமில்லை. பிள்ளைகள் அதே பாரத்தைச் சுமக்காமல் இருக்க வழி தேடுவதுதான் வேலை.

அந்த வழிகளில் படிப்பு முதலாவது. விளையாட்டு அதற்குத் துணை. தமிழ்நாட்டில் அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ரயில்வே, ராணுவம், காவல் துறை ஆகியவற்றிலும் விளையாட்டு வழியாக ஆள் எடுக்கிறார்கள். மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. உபகரணத்துக்கும் பயணத்துக்கும் பணமில்லாத வீரர்கள், 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிடம் உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். இவையெல்லாம் நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரிகிற அளவு நம் தெருவுக்குத் தெரிவதில்லை. ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டு அரங்கத்துக்கு ஒரு முறை நேரில் போய் விசாரித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் கிடக்கும் கல்லையும் கம்பியையும் தூக்கிப் பார்த்து முதுகைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் வெறும் கம்பியோடு முறையைப் பழக வேண்டும். ஆண்கள் கம்பி 20 கிலோ, பெண்கள் கம்பி 15 கிலோ. எடை பிறகு தானாக ஏறும். தெரிந்த பயிற்சியாளர் இல்லாமல் தொடங்க வேண்டாம். கூடவே, வயிறு நிறையச் சத்தான சாப்பாடு வேண்டும். அது இல்லாத வீடுகளுக்குத்தான் விளையாட்டு விடுதி அவசியம்.

நம் பஞ்சாயத்துகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. விளையாட்டுத் திடலும் உடற்பயிற்சிக் கூடமும் வந்தால், அவை எந்தத் தெருவுப் பிள்ளையும் தயங்காமல் நுழையக்கூடிய இடத்தில் வர வேண்டும். பூட்டும் சாவியும் ஒரே தெருவில் இருந்தால் அது பொதுக் கூடம் ஆகாது. கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்லி, தீர்மானத்தில் எழுதவையுங்கள்.

பெரியப்பா இப்போது இல்லை. அவர் எத்தனை கிலோ தூக்கினார் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் தூக்குவதாவது எழுதப்பட வேண்டும்.