தெர்மாகோலுக்குள் பூ கட்டுகிறார்கள்

தெர்மாகோல் பெட்டியை ஒடித்தால் உதிரும் வெள்ளை மணிகள் பாலிஸ்டைரீன். ஸ்டைரீன் என்ற திரவத்தின் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்த சரம் அது. மூடிய கலனில் ஈடு ஈடாகத் தயாரிக்கிறார்கள். உள்ளே நடப்பதும் அதைக் கணினியில் கணக்கிடும் விதமும் தெரிய, பூ கட்டும் கூடத்துக்குப் போவோம்.

முதலில் கூடத்தின் நடுவே மல்லிகையைக் கொட்டுகிறார்கள். இனி புதுப் பூ வராது. இந்தப் பூதான் ஸ்டைரீன். அடுத்து, கட்ட ஆள் வேண்டுமே? அனுப்பி வைப்பது துவக்கி. இங்கே அது பென்சாயில் பெராக்சைடு. பருவுக்குப் பூசும் களிம்பில் இருக்கிறதே, அதேதான். சூடு பட்டதும் அதன் மூலக்கூறு இரண்டாக உடையும், அதாவது ஆட்கள் ஜோடியாக உள்ளே வருவார்கள். 73 டிகிரி செல்சியஸ் வாக்கில் பாதி உடைய 10 மணி நேரம் ஆகும். 92 வாக்கில் 1 மணி நேரம் போதும்.

வந்தவர்கள் எல்லோரும் நாரைத் தொடுவதில்லை. சில ஜோடிகள் வாசலிலேயே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். அதனால் கணக்கில் 'திறன்' என்று ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள், பெரும்பாலும் 0.3 முதல் 0.8 வரை.

கட்டுபவர் பூப்பூவாகச் சேர்த்துக்கொண்டே போவார். வழியில் இன்னொருவர் எதிர்ப்பட்டால் இருவர் சரத்தையும் நுனியோடு நுனி முடிந்துவிட்டு, இருவருமே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். விசித்திரமான கூடம்! ஆனால் சூட்சுமமே இதில்தான். உள்ளே ஆட்கள் இரண்டு மடங்கானால் சந்திப்புகள் நான்கு மடங்காகும். ஆகவே துவக்கியை நான்கு மடங்கு போட்டாலும், எந்நேரமும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இரண்டு மடங்குதான். வேலை இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். ஆனால் அந்த இரண்டு மடங்கு பூவை நான்கு மடங்கு பேர் பங்கிடுவதால் சரத்தின் நீளம் பாதியாகிவிடும்.

மீதித் துவக்கி, மீதிப் பூ, உள்ளே இருக்கும் ஆட்கள் என மூன்றையும் கணம்தோறும் கூட்டிக் கழிப்பதுதான் இந்த வினைக்கான கணினி மாதிரி.

பிறகு கலவை கெட்டிப்படும். நீண்ட சரங்கள் சிக்கிக்கொள்ள, ஆட்கள் நகர்ந்து சந்திக்க முடியாது. சின்னஞ்சிறு பூ மட்டும் கைக்கு வந்துகொண்டே இருக்கும். வேகம் எகிறும். ஒரு மோல் ஸ்டைரீன் சேர்ந்தால் சுமார் 70 கிலோஜூல் வெப்பம் வேறு. அதை வெளியேற்றாவிட்டால் துவக்கி இன்னும் வேகமாக உடையும். கலவை கெட்டிப்பட்டு வேகம் எகிறுவதற்கு ட்ராம்ஸ்டார்ஃப் விளைவு என்று பெயர். முடிச்சுப் போடும் வேகத்தை மாறாத எண்ணாக வைத்த மாதிரிகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன.

சூடு கூடிப்போனால் வேறொரு தொல்லை: துவக்கி தீர்ந்துபோய்ப் பூ மிஞ்சும். அதற்காகத் தெர்மாகோல் மணிக்கு இரண்டு துவக்கிகள் போடுவதுண்டு. பென்சாயில் பெராக்சைடு 90 டிகிரி வாக்கில் பெரும்பகுதியை முடித்துவிடும். மற்றது 120 வாக்கில்தான் சுறுசுறுப்பாக உடைந்து, மிச்சப் பூவைக் கட்ட ஆள் அனுப்பும்.