ஏழு சீட்டும் எண்ணிக்கையும்

(ஒரு பழைய மாணவன்)

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, சீட்டாட்டத்தைப் பற்றி எழுதலாமா என்று வினாவினேன். அவர்கள் சிறிது நேரம் மௌனமாயிருந்தனர். கணிதம் பற்றியது என்று சொன்ன பின்னரே இணங்கினர். வாசகர்களும் அவ்வண்ணமே இணங்குவார்களாக. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்திருப்பதை யான் மறந்தேனல்லேன். ஈண்டுக் கூறப்படும் ஆட்டத்தில் யான் பெற்ற முதற் பாடமும் பொருளிழந்து பெற்றதேயாகும்.

1971ஆம் ஆண்டில் மேற்படிப்பின் பொருட்டு ஐக்கிய அமெரிக்காவிலே தங்கியிருந்தேன். சனிக்கிழமை இரவுகளில் விடுதி மாணவர் எண்மர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து, ஏழு சீட்டு ஸ்டட் போக்கர் என்னும் ஆட்டத்தை ஆடுவது வழக்கம். சிறு பிராயந் தொட்டே முந்நூற்று நான்கு ஆடிப் பழகிய எனக்கு, இவர்களுடைய ஆட்டம் எம்மாத்திரம் என்ற இறுமாப்பு இருந்தது. மூன்றாம் வாரத்தில், அறை வாடகைக்கென ஒதுக்கி வைத்த பணம் முழுவதும் ஒரே ஆட்டத்திற் போயிற்று. முதல் மூன்று சீட்டும் ஆடுதனாக வந்தன. ஐந்து ஆடுதன் சேர்ந்தால் வெற்றி பெரும்பாலும் நிச்சயம். ஆகவே இறுதிவரை விடாது தொடர்ந்தேன். ஐந்தாவது ஆடுதன் வரவேயில்லை. எனக்கு எதிரே இருந்தோர் முன்னிலையில் மூன்று ஆடுதன் தொடக்கத்திலேயே திறந்து கிடந்தன. கண் அவற்றைக் கண்டது, மனம் எண்ணவில்லை. மறுநாட் காலையிலே பென்சிலும் தாளுங் கொண்டு உட்கார்ந்து கணக்கிட்டபோதுதான் இந்த ஆட்டம் இன்னதென எனக்கு விளங்கிற்று.

ஆட்டத்தின் அமைப்பு வருமாறு. ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகையை நடுவே இடுவர். பின்னர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுக் கவிழ்த்தும் ஒரு சீட்டுத் திறந்தும் கொடுக்கப்படும். திறந்த சீட்டுக்களுள் மிகத் தாழ்ந்ததை உடையவர் கட்டாயமாகப் பந்தயத்தைத் தொடங்குவார். ஏனையோர் அதற்கு ஈடாக இடலாம், உயர்த்தலாம், அன்றிச் சீட்டை மடக்கி விலகலாம். இதன்பின் நான்காம், ஐந்தாம், ஆறாம் சீட்டுக்கள் திறந்தே வரும். ஏழாவது கவிழ்த்து வரும். ஒவ்வொரு சீட்டுக்கும் பின் ஒரு பந்தயச் சுற்று உண்டு. எல்லாமாக ஐந்து சுற்று. பெரும்பாலான மேசைகளில் ஐந்தாம் சீட்டிலிருந்து பந்தயத் தொகை இரட்டிக்கும். இறுதிவரை நிற்பவர்கள் தத்தம் ஏழு சீட்டுள் மிகச் சிறந்த ஐந்தை எடுத்துக் காட்டுவர். சோடி, இரு சோடி, ஒரே எண் மூன்று கூடிய மும்மை, தொடர்ச்சியான ஐந்து எண்களாகிய வரிசை, ஒரே இனச் சீட்டு ஐந்து கூடிய ஓரினம், மும்மையும் சோடியும் சேர்ந்த புல் ஹவுஸ், ஒரே எண் நான்கு, ஓரினமும் வரிசையுமாய் வருவது என இவை முறையே ஒன்றுக்கொன்று உயர்ந்தவை.

இங்கே இழந்தவர் பலர் கவனியாத ஒன்றுண்டு. ஒவ்வொருவருடைய ஏழு சீட்டில் நான்கு யாவரும் காணத் திறந்து கிடக்கின்றன. மறைந்தவை மூன்றே. கைச்சீட்டு முழுவதையும் மறைத்து ஆடும் ஆட்டங்களில் ஊகத்துக்கே பெரிதும் இடமுண்டு. இதிலோ அறிவு மேசைமேலே விரிந்து கிடக்கிறது, பொறுக்குவார்தாம் இல்லை.

இனி யான் செய்த கணக்கைக் கூறுகிறேன். உயர்தர வகுப்பு மாணவர்கள் சேர்மானச் சூத்திரத்தைக் கொண்டு இதனைச் சரிபார்க்கலாம். கையில் மூன்று ஆடுதன் உண்டு. பிறர் சீட்டு ஒன்றையும் யாம் காணவில்லை எனக் கொள்வோம். எஞ்சிய 49 சீட்டில் 10 ஆடுதன். இனி வரும் நான்கு சீட்டில் இரண்டேனும் ஆடுதனாய் இருத்தல் வேண்டும். அது நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு 18. ஆனால் எண்மர் ஆடும் மேசையிலே மற்றை எழுவரின் திறந்த சீட்டு ஏழையும் காண்கிறோம், காணாதவை 42. அவ்வேழில் ஓர் ஆடுதனும் இல்லையாயின், பத்தும் அந்த 42க்குள்ளேயே இருக்கின்றன. வாய்ப்பு நூற்றுக்கு 23.6 ஆக உயர்கிறது. அவ்வேழில் மூன்று ஆடுதனாயின் எஞ்சியவை ஏழே, வாய்ப்பு 12.3 ஆக வீழ்கிறது. என் கையிலிருந்த மூன்று சீட்டும் இரு நிலையிலும் ஒன்றேதான். அதன் பெறுமதியோ ஏறத்தாழ இரு மடங்கு வேறுபடுகிறது. அன்றிரவு யான் நூற்றுக்குப் பன்னிரண்டை நம்பி வாடகைப் பணத்தை வைத்தேன்!

ஆகவே முதற்பயிற்சி நினைவுப் பயிற்சியே. விலகுவோர் தம் திறந்த சீட்டைக் கவிழ்த்து எறிந்துவிடுவர்; பின்னர் அதனைக் காண வழியில்லை. ஆதலின் முதற் சுற்றிலேயே திறந்த சீட்டுக்களை இடமிருந்து வலமாக ஒருமுறை மனத்துட் படித்துக் கொள்ளல் வேண்டும். எல்லாவற்றையும் மனனஞ் செய்ய முயல்வோர் நான்காம் சீட்டிலேயே குழம்பிப் போவர். தமக்கு வேண்டிய இனம், தமக்கு வேண்டிய எண், எதிரி தேடுவதாகத் தோன்றும் எண் ஆகியவற்றை மட்டும் எண்ணினாற் போதும். முந்நூற்று நான்கு ஆடியோருக்கு இது புதிதன்று. முதல் நான்கு சீட்டைக் கண்டு கேள்வி கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்தபின், எத்தனை துரும்பு விழுந்தது, ஒன்பது எவர் கையிலிருக்கும் என்று எண்ணாதவனுடன் கூட்டாளியாக இருக்க நம்மவர் உடன்படுவரோ? அங்கே சீட்டு 32 மட்டுமே. அவை முழுவதும் நால்வர் கையிலேயே இருக்கும். இங்கே 52, அவற்றுட் பல கட்டிலேயே தங்கிவிடும். வேற்றுமை அவ்வளவுதான். மற்றொன்றையும் சொல்லல் வேண்டும்: முந்நூற்று நான்கிலே பிழைவிட்டால் திருத்தக் கூட்டாளி ஒருவர் உண்டு, ஏசவும் அவர் உண்டு. போக்கரிலே பிழையை எடுத்துக்காட்ட எவருமிலர். பிறர் அதனால் ஊதியம் பெறுவதால் வாய் திறவார்.

எந்த மூன்று சீட்டோடு தொடர்வது என்பதே அடுத்த வினா. 52 சீட்டில் மூன்றை எடுக்கும் வழிகள் 22,100. அவற்றுள் மும்மையாய் வருவன 52. அதாவது 425இல் ஒன்று. சோடி வருவது ஏறத்தாழ ஆறில் ஒன்று. மூன்றும் ஓரினமாய் வருவது ஏறத்தாழப் பத்தொன்பதில் ஒன்று. இவற்றோடு தொடர் எண் மூன்றையும் கூட்டினாலும், பெரும்பாலான ஆட்டங்களில் நம் கையில் வருவது மடக்கி வைக்க வேண்டிய சீட்டே. பொறுமையற்றோர் இதனைத் தாங்கமாட்டார். சிறிய சோடியோடு தொடர்வதாயின், உடனிருக்கும் மூன்றாவது சீட்டு ஆஸ் அல்லது இராசா போன்று பெரிதாயிருத்தல் நன்று. அதனினும் முக்கியம், அச் சோடியின் மற்றை இரு சீட்டும் பிறர் முன்னிலையிற் கிடவாதிருத்தல். ஒன்று கிடந்தாலே மும்மையாகும் வழி பாதியாய்க் குறைந்துவிடும்.

எதிரியின் கையை அறிதலும் இவ்வாறே எண்ணால் இயல்வது. ஒருவர் முதல் மூன்று சீட்டில் ஒரு சோடியோடு உள்ளே வந்தார் என வைத்துக்கொள்வோம். நான்காவதாக வந்த சீட்டு அவருடைய முதல் திறந்த சீட்டோடு சோடியாகிறது. அவர் இப்போது எந்நிலையில் இருக்கிறார்? திறந்த சீட்டு அவருடைய சோடியில் ஒன்றாயிருந்தால் அவருக்கு மும்மை. கவிழ்ந்திருந்தவையே சோடியாயின் இரு சோடி. கணக்கிட்டால் இவ்விரண்டும் நான்குக்கு மூன்று என்னும் விகிதத்தில் அமையும். எவ்வாறாயினும் நம் கையிலுள்ள ஒற்றைச் சோடி, அது இராசாச் சோடியே ஆயினும், பின்தங்கிவிட்டது. இந்த இடத்திலே மடக்கத் தெரிந்தவனே ஆடத் தெரிந்தவன் என்பது என் துணிபு. இட்ட பணத்தை எண்ணி, ‘இவ்வளவு வந்துவிட்டோமே’ என்று தொடர்வோர் பலர். நடுவே சென்ற பணம் நம்முடையதன்று. தருமபுத்திரனைச் சகுனி வென்றது வஞ்சகத்தால் என்பர். ஒவ்வொரு தோல்வியின் பின்னும் எழுந்து போகாதிருந்தது எதனால் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயின் எப்போதும் மடக்குவதும் ஆட்டமன்று. ஆறு சீட்டு வந்துவிட்டது. நம்மிடம் நான்கு ஆடுதன். விலகியோருடையதும் சேர்த்து இதுவரை கண்ட சீட்டு 22 எனக் கொள்வோம். காணாதவை 30. நம்மிடமுள்ள நான்கும் பிறரிடம் கண்ட மூன்றும் போக எஞ்சிய ஆடுதன் ஆறு. ஐந்தில் ஒரு முறை வரும். நான்கு முறை வராது. எதிரி எட்டு வில்லை பந்தயமிட்டபின் நடுவே 32 வில்லை உண்டாயின், நாம் இடவேண்டியது எட்டு, நான்குக்கு ஒன்று. இது துலாக்கோலின் நடுநிலை. 32இன் மேற்பட்டால் இடுதல் ஊதியம், குறைந்தால் நட்டம். சீட்டு வந்தபின் இறுதிச் சுற்றிற் கிடைக்கக்கூடியதை ஒரு தட்டிலும், எதிரி புல் ஹவுஸ் காட்டக்கூடும் என்னும் ஐயத்தை மறு தட்டிலும் இட்டு முடிவு செய்யலாம். இந்த ஒரு சீட்டு வருமா என்பதை எவரும் அறியார்; நூறு முறை இவ்வாறு செய்தால் என்னாகும் என்பதை யாவரும் அறியலாம்.

ஏமாற்றி ஆடுதல் பற்றியும் கேட்பார்கள். அங்கேரியிற் பிறந்த கணித மேதை ஜோன் வொன் நொய்மன் 1928இல் வெளியிட்ட ஆய்வும், 1944இல் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேனுடன் எழுதிய நூலும் இன்றைய ஆட்டக் கோட்பாட்டுக்கு அடிப்படையாயின. அந் நூலிலே போக்கருக்கு ஒரு பகுதியே உண்டு. அவர் எடுத்துக்கொண்ட எளிய மாதிரியில் ஒரு வியப்பான முடிவு கிடைத்தது: வலிய கையோடும் பந்தயமிடு, மிக மெலிந்த கையோடும் சிற்சில வேளை பந்தயமிடு, நடுத்தரக் கையோடு பேசாதிரு. ஏழு சீட்டு ஆட்டத்திலோ திறந்த நான்கு சீட்டும் நம் பொய்க்குச் சாட்சி சொல்லும்படி அமைந்திருத்தல் வேண்டும். சிறிய, பொருந்தாத சீட்டுக்களை முன்னே பரப்பி வைத்துக்கொண்டு பெருமை காட்டினால் சிறுபிள்ளையும் நம்பாது.

இவ்வாட்டத்தில் வல்லவரென மதிக்கப்பட்டவர் சிப் ரீஸ். டாட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றவர். லாஸ் வேகஸ் சென்று அங்கேயே தங்கிவிட்டார். டொயில் பிரன்சன் 1970களின் இறுதியில் வெளியிட்ட ‘சூப்பர் சிஸ்டம்’ என்னும் நூலிலே ஏழு சீட்டுப் பகுதியை எழுதியவர் அவரே. 2006இல் ஐந்து வகைப் போக்கரும் கலந்த பெரும் போட்டியொன்றில் வென்றார்; மறு ஆண்டு காலமானார். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர் உலகப் போட்டியில் 25 இலட்சம் டொலர் வென்றபின், அவர் ஆடிய டெக்சஸ் ஹோல்டெம் என்னும் வகையே எங்கும் பரவிற்று. ஏழு சீட்டு ஆடும் மேசைகள் இன்று அருகிவிட்டன. எனக்கு இதிற் சிறிது மனவருத்தமுண்டு. ஹோல்டெமிலே விலகியவர் சீட்டைக் காண வழியில்லை. நினைவாற்றலுக்கு அங்கே வேலை குறைவு.

சூதாட்ட விடுதிகளில் ஆடுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். நடுப்பணத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு பங்கை விடுதியார் எடுத்துக்கொள்வர். எண்மரும் சம வல்லமையுடையோராயின் எண்மரும் தோற்பர். யான் அத்தகைய விடுதிகளுக்குப் போவதில்லை. எங்கள் வீட்டிலே புளியங்கொட்டைதான் வில்லை.

தனியே பயில விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வழி கூறுகிறேன். ஒரு கட்டுக் கடதாசியை எடுத்துத் தமக்கு மூன்றும், எழுவருக்கு ஒவ்வொரு திறந்த சீட்டும் இடுக. பத்து விநாடி பார்த்தபின் அவ்வேழையும் கவிழ்த்துவிட்டு, அவற்றுள் எத்தனை ஆடுதன், எத்தனை இஸ்கோப்பு, தம் சோடியின் எண் எத்தனை கிடந்தது என்று ஒரு தாளில் எழுதுக. பின்னர்த் திறந்து பார்க்க. யான் முதல் நாள் இருபது முறை செய்து பதினொரு முறை பிழைவிட்டேன்.