காட்டு மரம் – உங்களுக்குத் தெரியுமா?

கத்தி பட்ட இடத்தில் ரத்தம்போலச் சிவப்பாகப் பால் கசிந்தால் அது வேங்கை மரமாக இருக்கலாம். அந்தப் பாலைக் கொட்டாங்கச்சியில் பிடித்துக் காயவைத்தால் கறுத்து இறுகும். நீர்விட்டுக் குழைத்தால் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு. வேங்கை மரக் குவளையில் இரவு முழுக்க ஊறிய நீர் பழுப்பேறி, வெயிலில் நீலச்சாயல் காட்டும். சர்க்கரைக்கு நல்லதென்று இந்தக் குவளையை விற்கிறார்கள். வாங்குங்கள், ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

கலங்கிய ஆற்றுநீரைத் தெளியவைக்க ஒரு விதை போதும். மண்பானையின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை உரசிவிட்டு நீரை ஊற்றினால், சேறு திரண்டு அடியில் படிந்துவிடும். விதையிலுள்ள புரதமும் மாவுப்பொருளும் மண்துகள்களை ஒட்டிச் சேர்ப்பதே காரணம். கலித்தொகையிலேயே இந்த உத்தி வருகிறது.

விஷத்துக்குப் பேர்போன எட்டி, தேற்றானுக்கு நெருங்கிய உறவு. இரண்டின் இலையிலும் அடியிலிருந்தே நரம்புகள் பிரிந்து ஓடும், அதனால் இலையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எட்டிப் பழம் சிறிய ஆரஞ்சு மாதிரி, உள்ளே பொத்தான்போலத் தட்டை விதைகள். தேற்றான் பழம் சிறியது, பழுத்தால் கறுப்பு, உள்ளே ஒரே விதை.

முதலைத்தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்த பட்டையா? கருமருது. ஆற்றங்கரையில் வெளிறி வழவழவென்று நிற்பது அதன் பங்காளி நீர்மருது. கோடையில் கருமருது தன் உடம்பில் நீரைச் சேர்த்து வைப்பதுண்டு. 2024-இல் ஆந்திராவின் பாபிகொண்டா காட்டில், கொண்டா ரெட்டி பழங்குடியினர் சொன்னதை வைத்து வனத்துறையினர் ஒரு மரத்தின் பட்டையை வெட்டிப் பார்க்க, குழாய் திறந்தாற்போல நீர் பீறிட்டது. நீங்கள் வெட்டிப் பார்க்க வேண்டாம். எல்லா மரத்திலும் நீர் இருக்காது.

வெட்பாலையின் காய்கள் ஜோடியாகத் தொங்கும், நுனிகள் ஒட்டியிருக்கும். இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். சித்த மருத்துவத்தில் அது காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) மருந்து. கர்நாடகத்துச் சன்னபட்டணத்தின் மரப்பொம்மைகளும் மரபாக இந்த மரத்தில் கடையப்படுபவையே.

கொங்குநாட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களுக்கு அரப்பு தெரிந்திருக்கும். அது உசிலை இலையின் பொடி. நுரை குறைவு, எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் போய்விடும்.

ஒருகாலத்தில் சலவைத் தொழிலாளர்கள் துணியில் இட்ட அழியாத குறிக்குச் சேராங்கொட்டையின் கறுப்புச் சாறுதான் மை. இந்த மரம் மாமரத்துக்கும் முந்திரிக்கும் சொந்தம், ஆனால் அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்பளித்துப் புண்ணாகும். காட்டில் கண்டால் கை வைக்காதீர்கள்.