பழைய பிக்கப் வண்டியின் கோணற் சுக்கான்

திருகோணமலை மாவட்டத்திலே கந்தளாய், தம்பலகாமம், மூதூர் முதலிய இடங்களில் விளையும் நெல்லும், நிலாவெளி, குச்சவெளிப் பக்கங்களில் விளையும் வெங்காயமும் மரக்கறியும் சந்தையைச் சேர்வது பெரும்பாலும் சிறு லொறிகளாலும் பிக்கப் வண்டிகளாலுமேயாகும். இவ்வண்டிகளுட் பல மிகப் பழையன. 2020 மார்ச்சு மாதம் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஐந்தாண்டளவு கழிந்த பின்னரே, 2025 ஆம் ஆண்டில், அது பரவலாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைக்காலத்திற் பழைய வண்டிகளின் விலையே பன்மடங்கு உயர்ந்தமையால், உள்ளதைப் பேணி ஓட்டுவதன்றிக் கமக்காரருக்கு வேறு வழி இருக்கவில்லை. அவ்வாறு ஓடும் வண்டிகளிலே அடிக்கடி காணப்படும் ஒரு குறைபாடு, வண்டி நேராகச் செல்லும்போதும் சுக்கான் ஒரு பக்கஞ் சாய்ந்து நிற்றலாம்.

“கை பழகிவிட்டது” என்று இதனை விட்டுவிடுவோர் பலர். சாய்வு மெல்ல மெல்ல ஏற்பட்டதாயின் தேய்வு காரணமாகலாம். நேற்று நேராக நின்ற சுக்கான் இன்று கோணலாக நின்றாலோ, வாய்க்கால் மதகிலோ வயல் வரம்பிலோ முன்சில்லு மோதி, அடியிலுள்ள தண்டொன்று வளைந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும். வளைந்த தண்டுடன் பாரமேற்றிச் செல்லல் ஆகாது. கந்தளாய், ஹபறணை வழியாகத் தம்புள்ளைச் சந்தைக்குச் செல்லும் பாதை திருகோணமலை நகரிலிருந்து 100 கி.மீ.க்குச் சற்று அதிகம். இரவிற் காட்டு யானை குறுக்கிடும் அவ்வழியிலே தண்டின் மூட்டு கழன்றால் வண்டியை மறித்துத் திருப்ப இயலாது.

முதலிற் செய்யவேண்டிய சோதனை

முன்சில்லு இரண்டினதும் காற்றழுத்தம் ஒத்திருக்கச் செய்து, பாரமின்றி வண்டியைச் சமதளமான தார் வீதியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தல் வேண்டும். நம் நாட்டிலே வாகனங்கள் இடப்பக்கஞ் செல்வதாலும், மழைநீர் வடிவதற்காக வீதி ஓரம் நோக்கிச் சரிந்திருப்பதாலும், எந்த வண்டியும் இடப்புறம் சற்றே சரிய முற்படும். அதனைத் தாங்கச் சுக்கானைச் சிறிது வலப்புறம் பிடிக்க நேரும். இது குறைபாடன்று. சரிவில்லாத இடத்திற் பார்த்தே முடிவு செய்க.

பிடியைத் தளர்த்தியபோது வண்டி ஒரு பக்கம் இழுத்துச் சென்றால், காரணம் ரயராகவோ, விடுபடாது பற்றி நிற்கும் பிறேக்காகவோ, நொந்துபோன வில்லாகவோ இருக்கலாம். அதனை முன்னர்த் தீர்க்கவேண்டும். வண்டி நேராகவே சென்று, சுக்கான் மட்டும் கோணலாக நின்றாற்றான் கீழே கூறப்படும் திருத்தம் பொருந்தும்.

பலர் செய்யும் பிழை

சுக்கானின் நடுவிலுள்ள நட்டைக் கழற்றி, சுக்கானை இழுத்தெடுத்து, ஆரைகள் நேராக நிற்குமாறு ஓரிரு பல் தள்ளிப் பொருத்துவது பலரும் அறிந்த குறுக்கு வழி. இது கண்ணுக்கு நேர்த்தியாகத் தோன்றும். ஆனால் நோய் நோயாகவே இருக்கும். சுக்கான் பெட்டியினுள்ளே இருக்கும் பற்கள் நடுநிலையிலேயே மிக நெருக்கமாகப் பொருந்துமாறு அமைக்கப்பட்டவை. அந்நடுவிலிருந்து விலகிய நிலையில் வண்டி நாளெல்லாம் நேராக ஓடினால், சுக்கானில் ஆட்டம் காணும். பற்களும் வேண்டாத இடத்திலே தேயும். திருப்பத்தின் பின் தானாக அணையவேண்டிய சைகை விளக்கும் முறை தவறும். ஆதலின் திருத்தவேண்டியது மேலே உள்ள வளையத்தை அன்று, அடியில் உள்ள தண்டுகளையே.

இதற்கு ஒரேயொரு விதிவிலக்குண்டு. முன்னர் எவரேனும் சுக்கானைக் கழற்றிப் பிழையாகப் பொருத்தியிருக்கக் கூடும். இதனை அறிய, பெட்டியின் கையிலிருந்து தண்டைக் கழற்றி, சுக்கானை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை முட்டாமல் மெல்லச் சுற்றி எண்ணவேண்டும். நான்கு சுற்றாயின் இரண்டாஞ் சுற்றின் முடிவே நடு. அந்நடுவில் ஆரைகள் நேராக நின்றால் பிழை தண்டுகளில் உள்ளது. கோணலாக நின்றாற் பிழை சுக்கானைப் பொருத்தியதில் உள்ளது.

தண்டுகளைத் திருத்தும் முறை

பழைய லாண்ட் றோவர் போலவும், தட்டு வில்லின்மேல் ஒரே முன்னச்சு உடைய சில ஹைலக்ஸ் வண்டிகள் போலவும் அமைந்தவற்றில் வேலை எளிது. பெட்டியிலிருந்து சில்லுக்குச் செல்லும் ஒற்றைத் தண்டின் நீளத்தை மாற்றினாற் போதும். இரு சில்லையும் இணைக்கும் மற்றைத் தண்டைத் தொடவேண்டியதில்லை.

முன்சில்லுகள் தனித்தனி வில்லில் இயங்கும் வண்டிகளிலே, கராச்சுக்காரர் ‘ரை றொட்’ எனக் கூறும் இணைப்புத் தண்டுகள் இடமும் வலமுமாக இரண்டு உண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் மரை கொண்ட ஒரு குழாய் இருக்கும். அதன் ஒரு முனை வலமரை, மறு முனை இடமரை. குழாயைச் சுற்றினால் தண்டு நீளும் அல்லது குறுகும். இங்கே மறவாது கொள்ளவேண்டியது, ஒன்றை எவ்வளவு நீட்டினோமோ மற்றதை அவ்வளவு குறுக்கவேண்டும் என்பதே. ஒன்றை மட்டும் மாற்றினாற் சுக்கான் நேராகலாம். ஆனால் முன்சில்லுகளின் ஒப்புரவு கெடும். சில்லுகளின் முன், பின் இடைவெளி உரிய அளவினின்று 3 மில்லிமீற்றர் பிசகினாலே, ஒரு கி.மீ. ஓட்டத்தில் ரயர்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 4 மீற்றர் பக்கவாட்டில் உராய்கின்றன. தம்புள்ளைக்கு ஒருமுறை போய்வரும்போது இது எவ்வளவாகும் என்பதைக் கணக்கிட்டுக் கொள்க.

தண்டுகள் அச்சுக்குப் பின்னால் அமைந்த வண்டியில், நேராக ஓடும்போது சுக்கான் இடப்புறம் திரும்பியதுபோல நின்றால், இடத்தண்டைக் குறுக்கி வலத்தண்டை நீட்டவேண்டும். வலப்புறம் நின்றால் இதற்கு மாறாகச் செய்யவேண்டும். தண்டுகள் அச்சுக்கு முன்னால் இருந்தால் முழுவதும் தலைகீழாகும். பழைய பிக்கப்புகளிலே சுக்கான் ஏறத்தாழ 20 பாகை திரும்பினால் முன்சில்லு ஒரு பாகையே திரும்பும். எனவே கண்ணை உறுத்தும் சாய்வுங்கூடத் தண்டிலே ஓரிரு மில்லிமீற்றர்ப் பிழையாகவே இருக்கும். காற்சுற்றுச் சுற்றி, வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து, தேவையாயின் மீண்டுங் காற்சுற்றுச் சுற்றுவதே முறை. தொடங்குமுன் குழாயிலும் தண்டிலும் சுண்ணக்கட்டியாற் கோடிட்டுக் கொண்டால், வழி தவறினும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

கடலோரத்து வண்டிகளில் உப்புக் காற்றினால் இக்குழாய்களின் மரை துருவேறி இறுகியிருக்கும். வலிந்து முறுக்கினால் தண்டே திருகிவிடும். முதல் நாள் மாலையே கம்பித் தூரிகையால் மரையைத் துடைத்து, துருவிளக்கும் எண்ணெய் ஊற்றி ஓரிரவு விட்டுவைத்தல் நன்று. பின்னரும் அசையாவிடில் புதுக்குழாய் வாங்குவதே சிக்கனம்.

வண்டியின் கீழே புகுமுன் பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சட்டத்தின் அடியில் உறுதியான தாங்கி நிறுத்துதல் வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுத்தல் கூடவே கூடாது. அவ்வமயம் ஒருவர் சுக்கானைச் சிறிது இங்குமங்கும் ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்கட்டும். தண்டு அசைந்தும் சில்லின் கை உடனே அசையாத மூட்டு தேய்ந்த மூட்டு. அதனை மாற்றாமல் நீளத்தைத் திருத்துவது வீண் வேலை. மூட்டைக் கழற்றியிருந்தால், நட்டை இறுக்கியபின் பழைய பிளவாணியை மீண்டும் இடாது புதியதை இடவேண்டும். குழாயின் இரு பிடிகளும் சுக்கானை முழுதாகத் திருப்பும்போது வேறெதிலும் இடியாத நிலையில் இறுக்கப்பட்டிருத்தல் அவசியம்.

முன், பின் இடைவெளியை நூல் பிடித்து அளக்கலாமாயினும், நகரில் சில்லு நேர்ப்படுத்தும் பொறியுள்ள இடத்தில் ஒருமுறை சரிபார்த்துக் கொள்வது மேல். அளக்கத் தொடங்குமுன் சுக்கானை நேராக நிறுத்திப் பூட்டும்படி அங்குள்ளவரிடம் கேட்டுக் கொள்ளவேண்டும். இதனைச் செய்யாமையாலேயே பல வண்டிகள் பொறியிலிருந்து இறங்கும்போதே கோணற் சுக்கானுடன் இறங்குகின்றன. பாரமேற்றி முதற் பயணம் போய்வந்த மறுநாள், குழாய்ப் பிடிகளின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை ஸ்பானர் போட்டுப் பார்த்துவிடுக.