நடிகரைக் கண்டால் என்ன கேட்பீர்கள்?

புகழ் பெற்ற திரைப்பட நடிகர் ஒருவரை நேரில் காணும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்பது நிபந்தனை. எதைக் கேட்பீர்கள்?

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையிலே உள்ள எங்கள் இண்டூரிலும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், பழகியவர்கள் பலரிடம் இந்த வினாவை விளையாட்டாக விடுத்துப் பார்த்திருக்கிறேன். அடுத்த படம் எப்போது வரும் என்று கேட்பதாகச் சிலர் சொன்னார்கள். வாங்கும் ஊதியம் எவ்வளவு என்று கேட்க விரும்பினார்கள் சிலர். கேள்வியே வேண்டாம், பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும் என்றவர்களே மிகுதி. திண்ணையில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி மட்டும், கையை நிறுத்தாமலே, "அந்தப் பொண்ணு அழுவுதே, அது நெசமாலுமே அழுவுதா, சும்மாவா? அதைத்தான் கேக்கணும்" என்றார்.

எனக்கு அந்தக் கேள்வியே பிடித்தது. அழுகைக்கு விடை சொல்லுவது எளிது. கண்ணோரத்தில் கிளிசரின் தடவினால் எவருக்கும் நீர் பெருகும். அது வேண்டாமலே அழ வல்லவர்களும் உண்டு. ஆனால் பாட்டியின் கேள்வி கண்ணீரோடு நிற்பதன்று. திரையில் நான் காண்பது மெய்தானா, அதைச் செய்தவர் நீங்கள்தாமா என்பதே அதன் உட்பொருள். கீற்றுக் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து படம் பார்த்த காலம் தொட்டு ரசிகர்கள் நெஞ்சில் இருந்துவரும் கேள்வி இது. படிப்பறியாதவர் கேள்வி என்று இதனைத் தள்ளிவிடுவோர் உளர். நான் தள்ளமாட்டேன்.

இரட்டை வேடத்தை எடுத்துக்கொள்வோம். 1940-ஆம் ஆண்டில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார் 'உத்தம புத்திரன்' என்னும் படத்தை வெளியிட்டனர். அதன் அதிபர் டி. ஆர். சுந்தரமே இயக்குநர். பி. யு. சின்னப்பா அரசகுலத்துச் சகோதரர் இருவராகவும் தோன்றினார். அப்போது எங்கள் பகுதியும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல். ஆகவே அந்த வியப்பு எங்களுக்குப் பக்கத்து வீட்டு வியப்பு எனலாம். ஒருவரே இருவராக எதிரெதிரே நின்று எப்படிப் பேச முடியும்?

அதன் முறை இதுதான். படப்பெட்டியை அசையாதவாறு நிறுத்தி, அதன் கண்ணாடியில் ஒரு பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்துவிடுவார்கள். திறந்திருக்கும் பாதியில் நடிகர் நின்று, எதிரே ஆள் இருப்பதாக எண்ணிக்கொண்டு, வெற்றிடத்தைப் பார்த்துப் பேசுவார். பிறகு அதே படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, திறந்த பாதியை மறைப்பார்கள். நடிகர் உடை மாற்றிக்கொண்டு மறுபுறம் வந்து நின்று, தாம் முன்னர்ப் பேசியதற்குத் தாமே விடை சொல்ல வேண்டும். இடைவெளி சற்றுத் தவறினாலும், இருவர் பேச்சும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். படப்பெட்டி சிறிது அசைந்தாலோ நடுவே கோடு விழும். 1958-இல் வந்த சிவாஜி கணேசனின் 'உத்தம புத்திர'னையோ, அதே ஆண்டில் வந்த எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்ன'னையோ இன்று பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இருவர் முகமும் ஒருங்கே தெரியும் இடங்களில், ஒருவர் மற்றவர் பக்கத்துக்குப் பெரும்பாலும் கடந்து வருவதில்லை. ஒருவரை ஒருவர் தழுவிக்கொள்ளும் இடத்தில் ஒருவர் முகந்தான் தெரியும்; முதுகைக் காட்டி நிற்பவர் வேறோர் ஆள். அந்த முதுகுக்கு உரியவரை நினைவில் வைத்திருங்கள். அவரிடம் பிறகு வருவேன்.

பாட்டைப் பற்றிய கேள்விக்கு விடை வேறு. பாடலை முதலில் பாடகர் பாடிப் பதிவு செய்வார். படப்பிடிப்பில் அதனை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட, நடிகர் வாயசைப்பார். டி. எம். சௌந்தரராஜன் 1954-ஆம் ஆண்டிலேயே 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜிக்கும், 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். ஒரு தொண்டையே இருவர் தொண்டையாக ஊரார் காதில் விழுந்தது. 1967 சனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டடி பட்டார். அதன்பின் அவர் பேச்சு முன்போலத் தெளிவாக இல்லை. வேறொருவர் குரலை இரவல் வாங்காமல், மாறிப்போன தம் குரலிலேயே தொடர்ந்து பேசி நடித்தார். அப்போது எடுக்கப்பட்டுவந்த 'காவல்காரன்' அதே ஆண்டில் வெளியாயிற்று. மக்கள் திரண்டு பார்த்தனர். பாட்டுக்கு இரவல் குரலை ஏற்றுக்கொண்ட அதே மக்கள், பேச்சில் அந்தக் குறையுள்ள சொந்தக் குரலையும் ஏற்றுக்கொண்டார்கள். இது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இரவல் குரல் வேண்டாத தலைமுறையின் தலைமகன் எம். கே. தியாகராஜ பாகவதர். அவரது காலத்திலேதான் ரசிகர் கேள்வி வேறொரு திசையில் திரும்பியது. நடிகர் யாரோடு பழகுகிறார், இரவில் எங்கே போகிறார் என்று எழுதி விற்க ஒருவர் முன்வந்தார். 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்ற இதழ்களை நடத்திய சி. என். லட்சுமிகாந்தன் அவர். அவரை மட்டும் பழித்துப் பயனில்லை. வாங்கிப் படித்தவர்கள் நம் முன்னோரே. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகித் தண்டனை பெற்றார்கள். வழக்கு இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பி, 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். கலைவாணர் மீண்டும் படங்களில் சிரிக்க வைத்தார். பாகவதரின் பழைய புகழோ திரும்பவில்லை. 1959 நவம்பர் முதல் நாள் அவர் மறைந்தார். எழுதியவரின் உயிரும், எழுதப்பட்டவரின் வாழ்வும் அந்த வகைக் கேள்வியோடு சேர்ந்தே போயின. இன்று அத்தகைய கேள்விகள் கைப்பேசியில் நொடிக்கு நொடி வந்து விழுகின்றன. அவற்றுக்கு விடை கிடைத்தாலும் நாம் பார்த்த படத்தில் ஒரு காட்சிகூடக் கூடுதலாக விளங்குவதில்லை என்பதே என் குறை.

மீண்டும் பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஒரு நடிகரிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று 1989-இல் பிறந்தது. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கமல்ஹாசன் தந்தையாகவும், இரட்டைப் பிள்ளைகளாகவும் வந்தார். பிள்ளைகளுள் ஒருவன் அப்பு, குள்ள உருவினன். அவன் எப்படி அப்படி ஆனான்? எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இதற்காகவே உரத்த வாதங்கள் நடந்ததுண்டு. காலை வெட்டிக்கொண்டார் என்று சாதித்தவரும் உண்டு! விளக்கம் உடனே வரவில்லை. முழு விவரமும் வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின.

ஒரே முறையால் செய்ததன்று அது. சில காட்சிகளில் கால்களை மடக்கிப் பின்னே மறைத்து, முழங்காலில் பொருத்திய தனிக் காலணிகளால் நடந்தார். நேர் எதிரே நின்று படமெடுக்கும்போது தரையில் பள்ளம் தோண்டி, முழங்கால் வரை அதனுள் மறைய நடந்தார். அமர்ந்திருக்கும் காட்சிகளில் செயற்கைக் கால்களைப் பொருத்தினார்கள். எந்தக் காட்சிக்கு எது என்பதைப் படப்பெட்டி நிற்கும் இடமும் உயரமும் முடிவு செய்தன. கணிப்பொறி வித்தை நம் படங்களுக்கு வந்திராத காலம் அது. முழங்காலில் உடற்பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு முகத்தில் சிரிப்பைக் காட்டுவது என்ன பாடு என்பதை, களையெடுக்கும்போது ஒரு நாழிகை குந்தியிருந்து எழுந்தவர்கள் ஒருவாறு அறிவார்கள். "நீங்கள்தாமா அது?" என்பதற்கு இங்கே "ஆம், என் முழங்கால்கள்தாம்" என்பது விடை.

அந்தப் படத்தின் சர்க்கஸ் காட்சிகளில், இயல்பாகவே உயரம் குறைந்த கலைஞர்கள் பலர் அப்புவின் தோழர்களாக நடித்தார்கள். அப்புவைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்ட நாம், மடக்கிய காலை நீட்டி எழ முடியாத அவர்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் அந்த நடிகரிடம் எதைக் கேட்டிருப்பார்கள் என்று நான் பல முறை எண்ணியதுண்டு.

இண்டூர்க்காரர்கள் படப்பிடிப்பைக் கண்ணால் காண விரும்பினால் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்குப் போக வேண்டும். காவிரி பாறைகளுக்கிடையே விழும் அவ்விடம் எத்தனையோ படங்களில் வந்திருக்கிறது. 1992-இல் வந்த 'ரோஜா'வின் பாட்டு ஒன்றிலும் அதைக் காணலாம். அங்கே பரிசல் தள்ளும் முதியவர் ஒருவரிடமும் என் வழக்கமான வினாவை விடுத்தேன். அவர் துடுப்பை மடியில் சாத்திக்கொண்டு சற்று யோசித்தார்.

"சார், மேலேர்ந்து தண்ணியில குதிச்சது நீங்களா, வேற ஆளான்னு கேப்பேன். வேற ஆளுதான், எனக்கே தெரியும். அந்த ஆளு பேரு என்ன, அவருக்கு என்ன குடுத்தாங்க, அதையும் கேப்பேன்" என்றார்.

முன்னே முதுகைக் காட்டி நின்றாரே, அவரே இவர். உயரத்திலிருந்து விழுபவரும், தீயினூடே ஓடுபவரும், உருளும் வண்டிக்குள் இருப்பவரும் இவரே. 2025 சூலைத் திங்களில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த படப்பிடிப்பொன்றில், காரைப் பாய்ச்சிக் கவிழ்க்கும் காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயிர் நீத்தார். செய்தி ஓரிரு நாள் பேசப்பட்டது. படங்களின் முடிவில் பெயர்கள் மேலேறிச் செல்லும்போது இத்தகையோர் பெயர்களும் உடன் செல்லுகின்றன. எழுத்து மிகவும் சிறிது. அந்நேரத்தில் கொட்டகையின் விளக்குகளைப் போட்டுவிடுகிறார்கள். நாமும் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.