முகத் தசைத் துடிப்புக்கு போடாக்ஸ் ஊசி: காப்பீட்டுத் தொகை கிடைப்பதைத் தீர்மானிப்பது எது?

கொல்கத்தா: முகச் சுருக்கங்களைப் போக்குவதற்குச் செலுத்தப்படும் அதே போடாக்ஸ் மருந்துதான், இமைகளைத் திறக்க இயலாமல் அவதிப்படும் நோயாளிக்கும் செலுத்தப்படுகிறது. மருந்து ஒன்றே என்பதால், நோய்க்காகப் பெற்ற சிகிச்சையும் அழகு சிகிச்சையாகக் கருதப்பட்டு, காப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படும் நிலை ஏற்படக்கூடும்.

தெற்கு கொல்கத்தாவின் பாலிகஞ்ச் போன்ற பகுதிகளில் அழகு சிகிச்சை நிலையங்களும், கண் மற்றும் நரம்பியல் மருத்துவர்களின் ஆலோசனை மையங்களும் அருகருகே இயங்கி வருகின்றன. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வசித்து வரும் லேக் மார்க்கெட் பகுதியும் இதற்கு அண்மையில்தான் உள்ளது. இரு வகை மையங்களும் வழங்கும் ரசீதில் 'போடாக்ஸ் ஊசி' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், அது நோய்க்கான சிகிச்சையா, தோற்றத்துக்கான சிகிச்சையா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்தால் அறிய இயலாது.

நோய் என்ன?

முகத்தின் ஒரு பக்கத் தசைகள் தாமாகவே துடிப்பதும் இறுகுவதும் 'ஹெமிஃபேஷியல் ஸ்பாசம்' எனப்படுகிறது. பெரும்பாலும் கண்ணைச் சுற்றித் தொடங்கும் இத்துடிப்பு, நாளடைவில் கன்னத்துக்கும் வாய் ஓரத்துக்கும் பரவுகிறது. மூளைத்தண்டிலிருந்து முக நரம்பு வெளிப்படும் இடத்தில் ரத்தக் குழாய் ஒன்று அந்நரம்பை அழுத்துவதே இதற்குப் பொதுவான காரணமாகும். இரு கண்களின் இமைகளும் கட்டுப்பாடின்றி இறுகி மூடிக்கொள்வது 'பிளெஃபரோஸ்பாசம்' என்ற வேறொரு நோயாகும். இது தீவிரமடைந்தால், பார்வை நன்றாக இருந்தும் நோயாளியால் சாலையைக் கடக்கவோ வாகனம் ஓட்டவோ இயலாது.

பொட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் தசைக்குள் செலுத்தும்போது, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் சமிக்ஞை தற்காலிகமாகத் தடைபட்டு இறுக்கம் தளர்கிறது. சில நாள்களில் தெரியத் தொடங்கும் பலன், பொதுவாக மூன்று முதல் நான்கு மாதங்கள் வரை நீடிக்கும். அதன்பின் மீண்டும் ஊசி தேவைப்படும். ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு முறை, பல ஆண்டுகளுக்குத் தொடர வேண்டிய செலவு என்பதால், காப்பீடு கிடைக்குமா என்ற கேள்வி நோயாளிகளுக்கு மிக முக்கியமானதாகிறது.

இம்மருந்து முதலில் அழகுக்காக அங்கீகரிக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆலன் ஸ்காட்டின் ஆய்வுகளைத் தொடர்ந்து, மாறுகண்ணுக்கும் பிளெஃபரோஸ்பாசத்துக்கும் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1989-ஆம் ஆண்டு அனுமதி அளித்தது. புருவங்களுக்கு இடையிலான சுருக்கங்களுக்கு 2002-ஆம் ஆண்டில்தான் அனுமதி கிடைத்தது.

முதல் தடை: அழகு சிகிச்சை என்ற ஐயம்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ, மருத்துவக் காப்பீட்டுக்கான பொது விலக்குகளை 2019-ஆம் ஆண்டு வரையறுத்தது. அவற்றில் எட்டாவது விலக்கு, தோற்றத்தை மாற்றுவதற்கான சிகிச்சைகளுக்குத் தொகை வழங்கப்படாது என்கிறது. எனினும் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின்னான சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரும் நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்குவதற்கான மருத்துவத் தேவைக்கும் விதிவிலக்கு உண்டு. அத்தேவையைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும்.

தசைத் துடிப்புக்கான ஊசி தோற்றத்தை மாற்றுவதற்கானது அன்று. எனவே இவ்விலக்கு அதற்குப் பொருந்தாது என வாதிட இடமுண்டு. அந்த வாதத்துக்கு ஆதாரமாக அமைவது நோய்க் குறியீடாகும். உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-10 வகைப்பாட்டில் ஹெமிஃபேஷியல் ஸ்பாசத்துக்கு ஜி51.3 என்ற குறியீடும், பிளெஃபரோஸ்பாசத்துக்கு ஜி24.5 என்ற குறியீடும் வழங்கப்பட்டுள்ளன. இரண்டுமே நரம்பு மண்டல நோய்களுக்கான பிரிவில் இடம்பெற்றுள்ளன. கோரிக்கைப் படிவத்தில் மருத்துவமனை நிரப்ப வேண்டிய 'பி' பகுதியில் இக்குறியீட்டுக்கென இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அது வெறுமையாக விடப்பட்டாலோ, 'முகத்துக்கு போடாக்ஸ்' என்று மட்டும் எழுதப்பட்டாலோ, ஐயத்துக்கு வழி ஏற்படுகிறது.

இரண்டாவது தடை: படுக்கையில் சேராத சிகிச்சை

நோய் ஐயமின்றி நிறுவப்பட்ட பின்னரும் மற்றொரு தடை உள்ளது. வழக்கமான மருத்துவக் காப்பீடு, குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால் தொகை வழங்கும். அதைவிடக் குறைந்த நேரத்தில் முடியும் 'டே கேர்' சிகிச்சைக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் அது மயக்க மருந்து அல்லது மரப்பு மருந்தின் கீழ் செய்யப்பட வேண்டும். தொழில்நுட்ப வளர்ச்சி இல்லாதிருந்தால் 24 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்த சிகிச்சையாகவும் இருக்க வேண்டும். வழக்கமாகப் புறநோயாளிகளுக்கு அளிக்கப்படும் சிகிச்சை இதில் அடங்காது.

முகத் தசைக்கான ஊசி ஆலோசனை அறையிலேயே சில நிமிடங்களில் போடப்படுகிறது. ஆகவே குறியீடு சரியாக இருந்தாலும், 'புறநோயாளி சிகிச்சை' என்ற காரணத்தால் கோரிக்கை ஏற்கப்படாமல் போகலாம்.

இதே சிக்கலைச் சந்தித்த மற்றொரு சிகிச்சை, விழித்திரை நோய்களுக்காகக் கண்ணுக்குள் செலுத்தப்படும் ஊசியாகும். காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகளாக ஐஆர்டிஏஐ 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட 12 இனங்களின் பட்டியலில் அந்த ஊசி சேர்க்கப்பட்டது. கண் இமைத் தசைக்கான ஊசி அப்பட்டியலில் இடம்பெறவில்லை. எனவே இதற்குத் தொகை கிடைப்பது அந்தந்த பாலிசியின் டே கேர் பட்டியலையும், புறநோயாளிச் செலவுக்கான கூடுதல் பாதுகாப்பையும் பொறுத்ததாகவே உள்ளது.

தொகை பெறுவதற்காகத் தேவையின்றி ஓரிரவு மருத்துவமனையில் சேர்வது தீர்வாகாது. அனுமதிக்கு மருத்துவத் தேவை இல்லை என்ற காரணத்தைக் காட்டியே அக்கோரிக்கை மறுக்கப்படலாம். உண்மைக்கு மாறான ஆவணம் அளிக்கப்பட்டால் பாலிசியே ரத்தாகும் ஆபத்தும் உண்டு.

ரசீதில் இருக்க வேண்டியவை

அமெரிக்காவில் இச்சிகிச்சைக்கான கட்டணம் தனித்தனிக் குறியீடுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஊசி செலுத்தும் செயலுக்கு 64612 என்ற எண்ணும், போடாக்ஸ் மருந்தின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஜே0585 என்ற குறியீடும் பயன்படுத்தப்படுகின்றன. நோய் வலப்பக்கமா, இடப்பக்கமா என்பதும் பதிவாகிறது. குப்பியில் எஞ்சி வீணாகும் மருந்துக்கும் தனிக் குறிப்பு உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளுக்காகச் சென்னையில் இருந்தபடி மெடிக்கல் கோடிங் பணி செய்வோருக்கு இது பழகிய நடைமுறையாகும்.

இந்தியாவில் இத்தகைய கட்டாயப் பிரிப்பு இல்லாவிடினும், அதே விவரங்களை ரசீதில் கேட்டுப் பெறுவது நோயாளிக்கு நன்மை தரும். மருந்தின் வணிகப் பெயர், குப்பியின் அளவு, செலுத்தப்பட்ட யூனிட், மருத்துவர் கட்டணம் ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் யூனிட் மற்றொரு நிறுவனத்தின் யூனிட்டுக்குச் சமமன்று என்பதால், வணிகப் பெயர் இன்றி யூனிட் எண்ணிக்கையை மட்டும் கொண்டு கட்டணத்தை ஒப்பிட இயலாது.

முறையிடுவது எங்கே?

மருத்துவமனை விதித்த கட்டணம் குறித்த புகார்களை, 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட மேற்கு வங்க மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறை ஆணையத்திடம் அளிக்கலாம். காப்பீட்டு நிறுவனம் தொகையை மறுத்தால், முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்துப்பூர்வமாக முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மேற்கு வங்கத்துக்கான அலுவலகம் கொல்கத்தாவிலும், தமிழகத்துக்கான அலுவலகம் சென்னையிலும் செயல்பட்டு வருகின்றன.

நிராகரிப்புக் கடிதத்தில் குறிப்பிடப்பட்டுள்ள காரணத்தை நோயாளிகள் கவனமாகப் படிப்பது அவசியம். 'அழகு சிகிச்சை' என்பது காரணமாக இருந்தால், நோய்க் குறியீடும் மருத்துவரின் சான்றும் பதிலாக அமையும். 'புறநோயாளி சிகிச்சை' என்பது காரணமாக இருந்தால், பாலிசியின் வாசகமே முடிவு செய்யும். ஆகவே முதல் ஊசிக்கு முன்பே, நோயின் பெயரையும் குறியீட்டையும் குறிப்பிட்டு, தொகை கிடைக்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சல் மூலம் கேட்டு, பதிலைப் பாதுகாத்து வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேளையில், புறநோயாளிச் செலவுக்கான கூடுதல் பாதுகாப்பு கிடைக்கிறதா, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதற்கும் பொருந்துமா என்பதையும் கேட்டறியலாம். இக்காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.