சிரங்குக்குப் பூசும் மருந்து

குழந்தைகளின் மூக்கோரத்திலும் வாயைச் சுற்றியும் சிறு கொப்புளங்கள் தோன்றி, உடைந்து, தேன் நிறப் பொருக்காகக் காயும் சிரங்கை மருத்துவர்கள் இம்பெடிகோ என்பார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் ஆகிய பாக்டீரியாக்களே காரணம். தொட்டால் எளிதில் பரவும். ஆனால் தோலின் மேலடுக்கைத் தாண்டுவதில்லை. ஆகவே ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால், பூசும் ஆன்டிபயாடிக்கே பெரும்பாலும் போதும்.

இதற்கு அதிகம் பயன்படுபவை மியூபிரோசினும் ஃபியூசிடிக் அமிலமும். இரண்டும் பொதுவாக 2 சதவீதக் களிம்பாகக் கிடைக்கின்றன. வியப்பு என்னவென்றால், மியூபிரோசினைத் தருவதே ஒரு பாக்டீரியாதான்: சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ். ஐசோலியூசின் என்ற அமினோ அமிலத்தைப் புரதத்தில் சேர்க்க உதவும் நொதியை மியூபிரோசின் முடக்குகிறது. புரதம் உருவாகாமல் கிருமியின் பெருக்கம் நிற்கிறது. இரத்தத்தில் கலந்தால் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் இதை மாத்திரையாகத் தர முடியாது.

பொருக்கை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெல்ல அகற்றிய பின் மெல்லியதாகப் பூச வேண்டும். மியூபிரோசினை வழக்கமாக நாளுக்கு 2 அல்லது 3 முறை, 5 நாட்கள் பூசச் சொல்வார்கள். பூசுமுன்னும் பின்னும் கைகழுவுவது மருந்தைப் போலவே முக்கியம்.

சீழ் கோத்த கட்டிக்குக் களிம்பு உதவாது. கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். காய்ச்சலோ பரவும் சிவப்போ இருந்தால் மருத்துவரிடம் போவதே சரி. படர்தாமரை பூஞ்சையால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பைக் கடையில் தாமாகவே வாங்கிப் பூசுவது மிகவும் தவறு: அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். ஆன்டிபயாடிக் களிம்பை வாரக்கணக்கில் பூசினால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடக்கூடும். ஃபியூசிடிக் அமிலத்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் பல நாடுகளில் ஏற்கெனவே காணப்படுகிறது.